அடுப்புப் பக்கத்துச் சத்தம்

ரங்கன் சுவிட்சைத் தட்டியதும் நூறு வாட்ஸ் பல்பு மஞ்சளாக விழித்துக்கொண்டது. ஒரே ஒரு நொடி. பிறகு தூக்கம் வந்த குழந்தையின் கண்ணைப் போல மெல்ல மங்கி, உள்ளே இருக்கும் இழை மட்டும் சிவப்பாகக் கொஞ்ச நேரம் நின்று, அதுவும் அணைந்தது.

“தூங்கிட்ச்சி,” என்றான்.

கலைவாணி அப்போதுதான் மூச்சை விட்டாள். புதிதாகச் செய்த ஆம்ப்ளிஃபயருக்கு அவர்கள் நேராகக் கரண்ட் கொடுப்பதில்லை. நடுவில் இந்தப் பல்பை மாட்டி, அதன் வழியாகத்தான் கொடுப்பார்கள். உள்ளே எங்காவது தப்பு இருந்தால் பல்பு அணையாமல் எரிந்துகொண்டே நிற்கும், பெட்டி கருகாமல் பிழைத்துக்கொள்ளும். பல்பு தூங்கிவிட்டால் பெட்டி நல்ல பெட்டி.

இந்தப் பெட்டி ஆறு சேனல் பெட்டி. பதினேழு நாள் வேலை.

ஆந்திராவில், விஜயபுரத்திலிருந்து உள்ளே தள்ளி, தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தது அந்தக் காலனி வீடு. ஒரே கூடம். அதில்தான் சமையல், படுக்கை, வேலை எல்லாம். வெளியே ஆடிக்காற்று கடலைக் கொல்லைகளின் மேல் படுத்துப் புரண்டு எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. தகட்டை வெட்டி மடக்கிப் பெட்டி செய்வது, சித்தூருக்குப் போய் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வருவது எல்லாம் ரங்கனுடையது. பற்றவைப்பு கலைவாணியுடையது. கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் அவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு போன் கம்பெனியில் இருந்தாள். விடியும் முன்னே கம்பெனி பஸ் எல்லை தாண்டி வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். பாதித் தூக்கத்தில் போய், பாதித் தூக்கத்தில் திரும்புவார்கள். அந்த நாலு வருஷத்தில் அவள் கை தன்னால் வேலை செய்யப் பழகிவிட்டது. அவள் வைக்கிற ஈயப்பொட்டு ஒவ்வொன்றும் கல் மூக்குத்தி போல இருக்கும்.

காது ரங்கனுடையது. ஏழெட்டு ஊர்களில் ‘ரங்கன் காது’ என்றே பேச்சு. வேறு யாரோ செய்த பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாலும், கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் எது பழுது என்று திறக்காமலே சொல்லுவான். பெட்டி வாங்க வருகிறவர்கள் பெட்டியைப் பார்க்க மாட்டார்கள். “நீ கேட்டுட்டியா ரங்கா? அப்போ சரி,” என்று எடுத்துப் போவார்கள்.

கேட்டுப் பார்ப்பதற்கு அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கூடத்து நடுவில், வாசலைப் பார்த்து ஒரு நாற்காலி. சுற்றிலும் ஸ்பீக்கர்கள். ஒருவர் உட்கார வேண்டும். மற்றவர் ஒவ்வொரு சேனலாகத் திறக்க வேண்டும். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று உட்கார்ந்தவர் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ‘சோத்துக்கைப் பக்கம்’, ‘பீச்சாங்கைப் பக்கம்’ என்றுதான் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தவர்கள் காதில் ‘பீச்சாங்கை, பீச்சாங்கை’ என்று நாள் முழுக்க விழவே, ஒருநாள் கேட்டேவிட்டார்கள். அதற்குப் பிறகு கலைவாணி வீட்டையே பெயராக வைத்துவிட்டாள். எதிரே நடுவில் ‘வாசல்’. அதற்கு இரண்டு பக்கமும் ‘ஜன்னல்’, ‘பீரோ’. இடப்பக்கம் தண்ணீர் ‘தொட்டி’. வலப்பக்கம் ‘அடுப்பு’. முதுகுக்குப் பின்னால், சுவருக்கு வெளியே நிற்கிற ‘முருங்கை’. பெட்டியின் பின்புறம் ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதி ஒட்டிவிடுவாள்.

நாற்காலியில் உட்காருவது எப்போதும் ரங்கன்தான். அவள் பெட்டியின் குமிழ்களைத் திருப்புவாள், நடுநடுவே குழம்பையும் கிளறுவாள்.

போன வருஷம் அது மாறியது. ஒன்றாம் வகுப்புக்குப் போகும் மகள் சந்தியாவுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து, அவளிடமிருந்து ரங்கனுக்கு வந்தது. கலைவாணி தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டாள். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. அதற்கப்புறம் அவன் நாற்காலியில் உட்காரவில்லை. “நீ உக்காரு கலை. எனக்கு நாப் திருப்பற எடத்துல வேல கீது,” என்றான்.

அவளுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் அடுப்படியில் கடலை வறுத்துக்கொண்டே, “உப்பு போடட்டா, வெல்லம் போடட்டா?” என்று கேட்டாள். அவன் திரும்பவில்லை. மூன்று தரம் கேட்டாள். கோபம் போலிருக்கிறது என்று நினைத்து அவளும் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர்க் குடத்தோடு அவனுடைய இடப்பக்கம் போகும்போது தன்னையறியாமல் “ம்ம்” என்று முனகினாள். அவன் சட்டென்று திரும்பிக் குடத்தை வாங்க எழுந்தான். அவள் குடத்தைக் கொடுக்காமல் அப்படியே நின்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம், பெட்டியைச் சோதிப்பது போல, அவனையும் சோதித்துப் பார்த்தாள். தொட்டிப் பக்கம் கரண்டியைப் போட்டாள். திரும்பினான். அடுப்புப் பக்கம் கரண்டியைப் போட்டாள். அவன் திரும்பாமல் தகட்டை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தான்.

அவள் கேட்கவில்லை. அவனாகச் சொல்வான் என்றிருந்தாள். காற்று வரும் என்று சொல்லிக் கட்டிலைத் திருப்பிப் போட்டாள். வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் இடது தோள் பக்கமாகச் சாய்ந்து பேசினாள். பதினாலு மாதம் அவர்கள் இருவரும் ஒரே தண்ணீருக்குள் ஆளுக்கொரு பக்கமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினாலு மாதமும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவள் அவள்தான். ஊர் இன்னமும் ‘ரங்கன் காது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது அவன் குவைத் போகிறேன் என்கிறான்.

“சிட்டிபாபு போன் பண்ணான்,” என்றான் பல்பைக் கழற்றிக்கொண்டே. சிட்டிபாபு அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஆறு வருஷமாகக் குவைத்தில் இருப்பவன். “இருவத்தெட்டாந்தேதி மெட்ராஸ்ல மெடிக்கல். அப்பால டிக்கெட்டுதான்.”

“இன்னா வேலன்னான்?”

“சூப்பர் மார்க்கெட்டு. குடோன்ல மூட்ட அடுக்கறது.”

“ஆறு சேனல் செய்யற ஆளு மூட்ட அடுக்கப் போறியா?”

“ரெண்டு வருசந்தான கலை.”

“இங்க இன்னா கொறஞ்சி பூட்சி? பங்காருபாளையம் மாங்கா மண்டிக்காரரு ஒண்ணு வேணும்னு நாலு தரம் போன் பண்ட்டாரு. நகரியில ரெண்டு பேரு காத்துகினு கீறாங்க.”

“எல்லாம் போறாங்க, நானும் போறன். இதுல இன்னா கீது?”

அவள் தட்டில் கேழ்வரகுக் களி உருண்டையை வைத்து, நடுவில் குழி பண்ணிக் கீரையை ஊற்றினாள். தட்டை அவனுடைய இடப்பக்கம் வைத்தாள். ‘இதுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும்யா’ என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அவன் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். ஒரு ஆளின் பேரே அவன் காதாக இருக்கும்போது அதை எந்தக் கையால் எடுப்பது?

“துன்னு,” என்றாள். “ஆறிப் பூடும்.”

*

பெட்டி திருப்பதியில் தேசிகன் என்பவருக்கு. மலைக்கோயில் கோஷ்டியில் நாற்பது வருஷம் பாசுரம் சேவித்தவர். கோஷ்டி என்றால் எதிரும் புதிருமாக வரிசை கட்டி உட்கார்ந்து, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாகச் சொல்வது. முட்டி போன பிறகு அவரால் போக முடியவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மகன் பிரஹ்லாத் தை மாதம் வந்திருந்தபோது, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த சமயம், நாராயணவனத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டில் அப்பாவின் பழைய கூட்டாளிகள் ஆறு பேரை உட்கார வைத்துப் பதிவு செய்திருந்தான். ஆளுக்கொரு மைக். அப்பா உட்காரும் இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டான்.

“அந்தக் காலி எடத்துல அப்பா உக்காரணும்,” என்று போனில் சொல்லியிருந்தான். “கடையில விக்கற பெட்டியெல்லாம் சினிமாவுக்குப் பண்ணது. எனக்கு ஆறும் தனித்தனியா வேணும். யார் யார் எங்க உக்காந்தாளோ, அங்கேர்ந்தே கேக்கணும்.” ஸ்பீக்கர்களை அவனே வாங்கி, எது எங்கே என்று படமும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

கம்பளியில் சுற்றிய பெட்டியை வண்டியில் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அவர்கள் புறப்பட்டார்கள். கோவிந்தராஜர் சந்நிதிக்குப் பின்னால், துளசி வாசனையும் நெய் வாசனையுமாக நீண்டு கிடந்த வீடு. ரங்கன் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, பெட்டியைச் சுமந்தபடி நிலைப்படிக்கு வெளியே நின்றான்.

“அங்கேயே நின்னா எப்படி? உள்ள வாங்கோ,” என்றாள் வஸுமதி. தேசிகனின் மனைவி. “ஏன்னா, பெட்டிக்காரா வந்துட்டா.”

தேசிகன் பெஞ்சில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பெட்டியைக் கண்டதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்புறத்தைத் தடவிப் படித்தார்.

“வாசல், ஜன்னல், பீரோ, தொட்டி, அடுப்பு, முருங்கை... ஏம்ப்பா ரங்கா, இது ஆம்ப்ளிஃபயரா, இல்லே வாடகைக்கு வீடு விடறியா?”

கலைவாணிக்கு முகம் சிவந்துவிட்டது. கிளம்புகிற அவசரத்தில் சீட்டுகளைக் கிழிக்க மறந்துவிட்டிருந்தாள். “எங்க அடையாளம் சாமி அது. அப்பறமா கிழிச்சிடறன்.”

“இருக்கட்டும் இருக்கட்டும். முருங்கை மரம் வெச்ச ஆத்தை யார் வேண்டாம்பா?”

ரங்கன் அவருக்கு வால்யூம்களைக் காட்டிக்கொண்டிருந்தான். கலைவாணி ஒயர்களை எடுத்துக்கொண்டு மண்டிபோட்டு ஸ்பீக்கர் ஸ்பீக்கராகப் போனாள். படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு இருக்கவில்லை. வாசல், வாசல் பக்கம். ஜன்னல். பீரோ. முதுகுப் பக்கம் முருங்கை. கையில் ‘அடுப்பு’ ஒயர் வந்தது. சமையலறையிலிருந்து கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கமாகப் போய், அங்கே நின்ற ஸ்பீக்கரில் சொருகினாள்.

“நான் ரெடி,” என்று வஸுமதி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். “பிள்ளையோட பேசிப் பேசி இது எனக்குப் பழகிடுத்து.”

“சாமி, உக்காருங்க,” என்று ரங்கன் நடுவிலிருந்த நாற்காலியைக் காட்டினான்.

“நானா? செஞ்சவன்னா மொதல்ல கேக்கணும். உன் காதைப் பத்தித்தானே பிரஹ்லாத் அவ்வளவு சொன்னான். நீ உக்காந்து சரின்னு சொல்லு, அப்பறம் நான்.”

“இல்ல சாமி, நான் நாப்...”

“நாப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. உக்காரு.”

ரங்கன் உட்கார்ந்தான். பதினாலு மாதத்துக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்கிறான். கைகளைத் தொடையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அந்த நொடியில்தான் கலைவாணி தன் கையைப் பார்த்தாள். ‘தொட்டி’ ஒயர் மிச்சம் இருந்தது. இந்த வீட்டில் சமையலறை இடப்பக்கம். வலப்பக்கம் வரவேண்டிய குரலை இடப்பக்கம் சொருகியிருக்கிறாள். வலப்பக்கத்து ஸ்பீக்கரில் ஒயரே இல்லை. வாயைத் திறப்பதற்குள் வஸுமதி பொத்தானைத் தட்டிவிட்டாள்.

குரல்கள் எழுந்தன. எதிரே மூன்று, பின்னால் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. கூடத்து வலப்பக்கம் மட்டும் வெறும் சுவராக நின்றது.

ரங்கன் கேட்டான். அவனுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வலப்பக்கம் சும்மா கிடப்பது அவனுக்கு இப்போது உலகத்தின் வழக்கம்.

“சரியா கீது சாமி,” என்றான். “ஆறும் வந்துகினு கீது.”

தேசிகன் பெஞ்சிலிருந்து ஊன்றி எழுந்தார். “என்னப்பா சொல்றே? கனைச்சுண்டு ஆரம்பிக்கறானே, அவன் சம்பத்து. நாப்பது வருஷம் என் வலது கைப்பக்கம் உக்காந்தவன், இன்னிக்கு எடம் மாறி அந்தப் பக்கம் உக்காந்துண்டு இருக்கான். வலப்பக்கம் ஈ காக்கா இல்லை. உனக்கா தெரியலை?”

ரங்கன் கண்ணைத் திறந்தான். கழுத்துவரைக்கும் ரத்தம் ஏறியது.

“தப்பு என்னுது சாமி,” என்றாள் கலைவாணி. குரல் துளிகூட நடுங்கவில்லை. “எங்க வூட்ல அடுப்பு அந்தாண்ட, இங்க இந்தாண்ட. பேரப் பார்த்து நான் மாத்தி சொருகிட்டன். அவரு அப்பவே எனக்குக் கண்ணு காட்னாரு, வலப்பக்கம் வரலன்னு. பாட்டு நடுவுல உங்களாண்ட சொல்ல வேணாம்னுதான் சரின்னுட்டாரு.”

“அப்படிச் சொல்லு,” என்று தேசிகன் மறுபடி பெஞ்சில் சாய்ந்தார். “அடுப்பைப் பார்த்து மாட்டினியா? நன்னாயிருக்கு போ!” சிரிக்கச் சிரிக்க அவருக்கு முட்டி வலித்தது.

ரங்கன் சிரிக்கவில்லை. முழு உடம்பையும் திருப்பி அவளைப் பார்த்தான். அந்தப் பொய் எவ்வளவு வேகமாக வந்தது, எவ்வளவு வழவழப்பாக வந்தது! முதல் தடவை சொல்கிற பொய் அப்படி வராது. கட்டில் திரும்பியது, தட்டு இடம் மாறியது, வண்டியில் அவள் சாயும் பக்கம் எல்லாம் அவன் கண் முன்னால் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவன் எழுந்தான்.

“நீ வந்து உக்காரு கலை,” என்றான். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.

அவள் ஒயர்களை மாற்றிச் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவன் ஒவ்வொரு சேனலாகத் திறந்தான். அவள் கண்ணை மூடி, “வாசல் சரி. பீரோ கொஞ்சம் கம்மி பண்ணு. தொட்டி சரி. அடுப்பு... சரி,” என்றாள். அந்தக் கடைசிச் சொல்லில் மட்டும் குரல் இறங்கியது.

பிறகு தேசிகனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

ஆறு பேரும் வந்தார்கள். ஆள் இல்லாமல் குரல் மட்டும் வந்து, அந்தந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. எதிர்வரிசை சொல்லி முடித்ததும் இந்த வரிசை வாங்கிக்கொண்டது. குரல்கள் அலைபோல அவருக்கு மேலாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தன. முற்றத்து வெயில் நகர்ந்து அவர் பாதத்தின் மேல் ஏறியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. தேசிகனின் உதடுகள் முதலில் சத்தமில்லாமல் அசைந்தன. பிறகு சத்தம் வந்தது. வலப்பக்கம் சம்பத்து கனைத்தார். தேசிகன் கண்ணைத் திறக்காமலே, நாற்காலியில் கொஞ்சம் இடப்பக்கமாக நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

கலைவாணி காபி வாங்க வஸுமதியின் பின்னால் சமையலறை வாசல்வரை போனாள்.

“கண்ணு காட்டினான்னு சொன்னியே,” என்றாள் வஸுமதி டம்ளரை நீட்டி, மெல்லிய குரலில். “அவன் கண்ணை இறுக்க மூடிண்டுன்னா இருந்தான்.”

கலைவாணி டம்ளருக்குள்ளேயே பார்த்தாள்.

“எந்தக் காது?”

அவள் தன் வலது காதைத் தொட்டுக் காட்டினாள்.

“நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? இவருக்கு முட்டி போனதை நானும் மூணு வருஷம் மூடி மூடி வெச்சேன். கோஷ்டி நடுவுல வலி தாங்காம தவிச்சிண்டு உக்காந்திருப்பர். நான் ஆள் விட்டு, ‘ஆத்துல ஜோலி, சீக்கிரம் வாங்கோ’ன்னு கூப்பிட்டு விடுவேன். ஊர்ல எனக்குத்தான் கெட்ட பேர், ஆம்படையானை ஒரு நாழி விடாதவள்னு.” வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஆனா அன்னன்னிக்கி ராத்திரி அவர் எங்கிட்ட ‘தேங்க்ஸ்டி’ன்னுடுவர். உன் ஆம்படையான் சொல்வனோ?”

“அவருக்கே இப்பத்தாம்மா தெரிஞ்சிது. எனக்குத் தெரியும்னு.”

“அட ராமா,” என்றாள் வஸுமதி. டம்ளரில் இன்னும் கொஞ்சம் காபியை ஊற்றினாள்.

*

திரும்பும்போது வண்டியில் இருவருக்கும் நடுவில் பெட்டி இருந்த இடம் காலியாகவே இருந்தது. அவள் முன்னால் நகர்ந்து உட்காரவில்லை. வடமாலைப்பேட்டை தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினான். ஆடிக்காற்று இலைகளை வாரி அவர்கள் தலைமேல் கொட்டியது.

“எப்போலேர்ந்து?” என்றான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

“கடல வறுத்த அன்னிலேர்ந்து. பதினாலு மாசம்.”

“பதினாலு மாசமா என்ன வெச்சி நாடகம் ஆடிகினு இருந்த.”

“நீ ஆடலயா? டிரான்ஸ்ஃபார்மர் வாங்கப் போறேன்னு சித்தூருக்குப் போயி வெறுங்கையோட வந்தியே, அன்னிக்கு எந்த டாக்டராண்ட போன?”

அவன் வண்டியிலிருந்து சாவியை உருவினான்.

“இன்னா சொன்னாரு?”

“பொன்னுக்குவீங்கியில நரம்பு செத்துப் பூட்ச்சாம். வராதாம்.” சொல்லிவிட்டு அவன் வண்டிச் சாவியை விரலில் சுற்றினான். “அவுரு சொன்னப்போ நான் இன்னா நெனச்சன் தெரியுமா? நாலு பேருக்குத் தெரியறதுக்குள்ள எங்கனா பூடணும்னு நெனச்சன். ஊரு சிரிக்கும் கலை. செவுட்டு ரங்கன் செஞ்ச பொட்டின்னு அவனவன் சொல்லுவான். அத்த உன் காதால வேற கேக்கணும் நீ.”

“அதுக்கு மூட்டையாண்ட போயி ஒளிஞ்சிக்குவியா?”

“மூட்டைக்குக் காது இன்னாத்துக்கு?”

“எனக்கு வேணும்யா!” அவள் கத்திவிட்டாள். ரோட்டில் போன ஆட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். “அதுக்கப்பறம் எத்தினி பொட்டி போச்சி? ஒம்போது. ஒண்ணு திரும்பி வந்துச்சா?”

“வரல.”

“யாரு கேட்டு அனுப்ச்சது?”

“நீதான்.”

“அப்பறம் இன்னாத்துக்கு இந்த அழுவ? பொட்டிக்குத்தான் ரெண்டு காது வேணும், அதுக்கு நான் கீறன். என் பேச்ச கேக்க ஒரு காது போதும் உனக்கு. அதுவும் நல்ல காதாத்தான மிச்சம் கீது.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் போய் மூக்கு அடைத்துக்கொண்டது. துண்டால் முகத்தைத் துடைத்தான். “பொட்டிக்கு ரெண்டு காது, பொண்டாட்டிக்கு ஒண்ணுதானா? கணக்கு இடிக்குதே,” என்றான்.

“இடிக்கட்டும். நீ என் பேச்ச என்னிக்கு முழுசா கேட்ட?”

அவன் வண்டியை உதைத்தான். இந்தத் தடவை அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மாந்தோப்புகள் காய் பறித்து முடித்த களைப்பில் கறுத்துக் கிடந்தன. புத்தூர் மலை எதிரே எழுந்து, பக்கத்தில் வர வர நீலம் கரைந்து கல்லாக மாறியது.

புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அண்ணாதுரை கடையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். பஸ் ஏறப் போகிறவர்கள், கல் உடைத்துவிட்டு வந்தவர்கள் என்று பெஞ்சில் இடமில்லை. அலமாரி மேல் அவர்கள் செய்து கொடுத்த பெட்டி ஒரு தெலுங்குப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

டீ கைக்கு வருவதற்குள் ரங்கனின் போன் அடித்தது. சிட்டிபாபு. அவன் வழக்கம்போலப் போனோடு தனியாக வெளியே போகத் திரும்பினான். இரண்டு அடி வைத்தான். நின்றான். திரும்பி வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, போனை இடது காதில் வைத்தான்.

“சொல்றா... ஆங்... மெடிக்கலுக்கு நான் வரல. டிக்கெட்டும் போட வாணாம்.”

மறுமுனை ஏதோ கத்தியது.

“வரலடா. எனக்கு ஒரு காது கேக்கல,” என்றான் மெதுவாக.

குவைத் லைன் கரகரத்தது.

“கேக்கலடா... இல்ல, நீ பேசறது கேக்குது. காது... காதுடா!” அவன் எழுந்து நின்றான். “எனக்கு ஒரு காது அவுட்டு! பதினாலு மாசமா! அத்த மறைக்கத்தான் அங்க வரேன்னன்!”

பெஞ்சிலிருந்தவர்கள் திரும்பினார்கள். பஸ்ஸுக்கு ஓடப் போனவர் ஒருவர் ஓடாமல் நின்றார். ரங்கன் எல்லா முகங்களையும் பார்த்தான், இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்பது போல இன்னும் உரக்க, “செவுடுடா! ஒரு பக்கம் செவுடு!” என்றான்.

இப்போது சிட்டிபாபுவுக்குக் கேட்டுவிட்டது. “ஒரேய், முந்தே செப்பொச்சு கதரா!” என்று முன்னாலேயே சொல்லாததற்கு அவன் தெலுங்கில் திட்டுவது கலைவாணிக்கே கேட்டது. ரங்கன் ‘சரிரா, சரிரா’ என்று போனை வைத்துவிட்டு உட்கார்ந்தான். இதற்குள் இருவருக்கும் டீ வந்திருந்தது.

அண்ணாதுரை டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். “எந்தக் காதுப்பா?” என்றார்.

“சோத்துக்கைப் பக்கம்.”

“அப்போ,” என்று அவர் அலமாரியை நிமிர்ந்து பார்த்தார், “போன தீவாளிக்கு எனக்கு இந்தப் பொட்டி செஞ்சி குடுத்தியே? எல்லாம் நான் கேட்டுட்டன் நைனா, எடுத்துகினு போன்னியே?”

“நான் கேக்கல,” என்றான் ரங்கன். “இவ கேட்டா.”

கடை முழுவதும் கலைவாணியைப் பார்த்தது. அவளுக்குப் புடவைத் தலைப்பை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அண்ணாதுரை பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். கல் உடைக்கிறவர்களில் ஒருவர் சிரிப்பதா வேண்டாமா என்று அவர் முகத்துக்காகக் காத்திருந்தார்.

“நாலு நாளா பாட்டு பாடசொல்லோ உள்ள வண்டு கணக்கா ஒண்ணு ஙொய்ங்குது,” என்றார் அண்ணாதுரை. ரங்கனிடம் சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் முகத்தை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். “அது இன்னான்னு கொஞ்சம் கேட்டு சொல்லும்மா.”

அவள் ரங்கனைப் பார்த்தாள். அவன் அவளுடைய டீயை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டான்.

“போ,” என்றான். “ஆறாம பார்த்துக்கறன்.”

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரியின் மேல் பெட்டிக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். யாரும் சொல்லாமலே கடையில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.